விடைபெறும் வகுப்பின் காணிக்கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலாசாலைகளில் நெடுங்காலமாக ஒரு சம்பிரதாயம் வழங்கி வருகிறது. நான்கு ஆண்டுப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கக் காத்திருக்கும் மாணவர்கள், ஊருக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்னால், தமக்குள் ஒரு குழுவை நியமித்து, தலைக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி, தம் வகுப்பின் பெயரால் கலாசாலைக்கு ஒரு காணிக்கையைச் செலுத்திவிட்டுப் போகிறார்கள். அது ஒரு கல்மேடையாக இருக்கலாம், கடிகாரமாக இருக்கலாம், பின்னால் வரும் ஏழை மாணவன் ஒருவனுக்கு உபகாரச் சம்பளமாக இருக்கலாம். இன்னும் ஒரு காசு சம்பாதிக்காதவர்கள், அவர்களிலும் பாதிப்பேர் கல்விக் கடனைத் தோளில் சுமந்து நிற்பவர்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொன்ன ஸ்தாபனத்துக்குப் போகிற போக்கில் மறுபடியும் பணம் கொடுப்பானேன் என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கு விசுவாசம், நன்றியறிதல் என்று விழா மேடைகளில் விடை சொல்வார்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக இல்லை. அந்தச் சரித்திரத்தின் முதல் ஏடுகளில் நம் சென்னைப்பட்டணத்தின் பெயரும் காணப்படுகிறது.

1701-ஆம் ஆண்டு கனெக்டிகட் குடியேற்றத்தில், போதகர்களைப் பயிற்றுவிப்பதற்காக ஒரு சிறு வித்தியாசாலை தொடங்கப்பட்டது. ஊர் ஊராக அலைந்து 1716-இல் நியூ ஹேவனில் நிலைகொண்ட அந்தப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பப் பொருள் போதவில்லை. அப்பொழுது பாஸ்டன் நகரத்துப் போதகரான காட்டன் மாதர், தாம் படித்த ஹார்வர்டின் மீது கொண்டிருந்த மனத்தாங்கலும் சேர்ந்து தூண்ட, போட்டிப் பள்ளியாகிய இதற்காக லண்டனிலிருந்த ஒரு செல்வருக்கு 1718-இல் கடிதம் எழுதினார். உமது பெயரை அந்தப் பள்ளிக்குச் சூட்டினால் எகிப்தியரின் பிரமிடைவிட உறுதியான ஞாபகச் சின்னமாக இருக்கும் என்று ஆசை காட்டிய அந்தக் கடிதத்தைப் பெற்றவர் எலைஹு யேல். 1687 முதல் 1692 வரையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரீஸ் கோயிலில் 1680-இல் விவாகம் செய்துகொண்டவர். குழந்தையாக இறந்த தம் மகனைச் சென்னை மண்ணிலேயே அடக்கம் செய்தவர். அந்தச் சமாதி எழுந்த இடம் இப்போதைய உயர்நீதிமன்ற வளாகம். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தோடு சொந்த வியாபாரத்தையும் நடத்திப் பெரும் பொருள் சேர்த்து, அதன் காரணமாகவே குற்றச்சாட்டுகளுக்கு உள்ளாகிப் பதவியிழந்த மனிதர். அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பருத்தித் துணி மட்டுமன்றி அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் அனுப்பியவை ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படம் ஒன்று. மூட்டைகளுக்குள் மஸ்லினும் காலிகோவும் பட்டுத் துணியும் இருந்தன. பாஸ்டனில் அவற்றை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. பள்ளிக்கு யேல் கலாசாலை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பள்ளியின் வாசற்படியை ஒரு நாளும் மிதியாத, மூன்று வயதிலேயே பாஸ்டனை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பெயர் இவ்வளவு மலிவான கிரயத்துக்கு நிலைத்துவிட்டது என்று பிற்காலத்தவர் கேலி செய்வதுண்டு. அதற்கு முன்னரே, 1638-இல், ஜான் ஹார்வர்ட் என்ற இளம் போதகர் தம் ஆஸ்தியில் பாதியையும் ஏறக்குறைய நானூறு புத்தகங்களையும் மரண சாசனமாக அளித்துத் தம் பெயரை மற்றொரு பள்ளிக்கு விட்டுச் சென்றிருந்தார். அவரும் அங்கே படித்தவரல்லர். ஆகவே ஆதியில் கொடை என்பது வெளியாரின் கருணையாகவே இருந்தது. அந்தக் கருணைக்கு ஆயுள் அற்பம்: 1721-இல் யேல் காலமானார், ஊற்றும் அடைபட்டது. பள்ளிகளோ வருஷந்தோறும் பசித்தன. லாட்டரிச் சீட்டு நடத்தியும், சட்டசபையிடம் கையேந்தியும், கடன் வாங்கியும் காலந்தள்ளின.

பழைய மாணவரை நோக்கித் திரும்பலாம் என்ற எண்ணம் தோன்றுவதற்கு முன், பழைய மாணவர் என்ற ஒரு கூட்டம் உருவாக வேண்டியிருந்தது. அதை உருவாக்கியது நன்றியறிதலைக் காட்டிலும் பாடத்திட்டமே என்பது என் கருத்து. அக்காலத்துக் கலாசாலையில் விருப்பப் பாடம் என்ற பேச்சே கிடையாது. ஓர் ஆண்டில் நுழைந்த முப்பது நாற்பது இளைஞர்கள் ஒரே மணிக்கு எழுந்து, ஒரே ஆலயத்தில் ஜெபித்து, ஒரே கிரேக்க இலக்கணத்தை ஒரே ஆசிரியரிடம் ஒப்பித்து, ஒரே சாப்பாட்டை ஒரே குரலில் சபித்து, நான்கு ஆண்டுகள் கழித்து ஒரே நாளில் வெளியேறினார்கள். இப்படி வளர்ந்தவர்களுக்குக் கலாசாலை என்றால் கட்டடமோ தலைவரோ அன்று, தம்மோடு கூட இருந்த அந்த நாற்பது பேரே. பெயருக்குப் பின்னால் பட்டம் பெற்ற ஆண்டின் கடைசி இரண்டு எண்களை ஒரு மேல்காற்புள்ளியோடு எழுதிக்கொள்ளும் வழக்கம் அங்கே இன்றளவும் இருப்பது இதனால்தான். நம்மில் கோத்திரத்தைச் சொல்லிக்கொள்வது போல அவர்கள் வகுப்பைச் சொல்லிக்கொள்கிறார்கள். யேல் கலாசாலையில் 1792-ஆம் ஆண்டிலேயே வகுப்புக்கு ஒரு காரியதரிசி என்ற ஏற்பாடு தொடங்கியது. யார் எங்கே போதகராயிருக்கிறார், யாருக்கு விவாகமாயிற்று, யார் காலமானார் என்று கடிதமெழுதிக் கேட்டுப் பதிந்துகொள்வதே அந்தக் காரியதரிசியின் வேலை. பணம் வசூலிக்கும் யோசனை அவர் கனவிலும் இல்லை. ஆயினும் ஒரு நூறு ஆண்டுக்குப் பின் பணம் கேட்கப் புறப்பட்டவர்களுக்கு அந்தப் பதிவேடே முதற் கருவியாக அமைந்தது.

பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று முறையாக ஏற்பட்டது 1821-இல். அதுவும் அன்பினாலன்று, பயத்தினால். மாஸாசூசெட்ஸின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கிடையே, 1793-இல் நிறுவப்பட்ட வில்லியம்ஸ் கலாசாலைக்கு அப்பொழுது ஸெபனையா ஸ்விஃப்ட் மூர் என்பவர் தலைவர். இந்தக் காட்டு மூலைக்கு எந்தப் பிள்ளை வருவான் என்று அலுத்துக்கொண்ட அவர், கலாசாலையையே வேறோர் ஊருக்குப் பெயர்த்துக்கொண்டு போக முயன்றார். சட்டசபை அதற்கு இசையாமற்போகவே, 1821-இல் பதினைந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தாமே புறப்பட்டுப் போய், ஆம்ஹர்ஸ்ட் என்ற புதிய கலாசாலைக்கு முதல் தலைவரானார். போகும்போது நூலகத்துப் புத்தகங்களையும் இரவோடிரவாக வண்டியிலேற்றினார் என்று வில்லியம்ஸ்காரர்கள் சொல்லும் கதைக்கு ஆதாரமில்லை. இருந்தாலும் இரண்டு நூற்றாண்டாக அதைச் சொல்லிச் சிரிப்பதை அவர்கள் விடவில்லை. கலாசாலை மூடப்பட்டுவிடும் என்று எல்லோரும் எண்ணிய அந்த ஆண்டின் பட்டமளிப்பு விழாவுக்கு, முன்பு படித்துப் போனவர்கள் வந்து கூடி, நாங்கள் இதன் பின்னால் நிற்கிறோம் என்று உலகறியச் சொல்வதற்காக ஒரு சங்கத்தை அமைத்தார்கள். உலகத்தில் தொடர்ந்து நடந்துவரும் பழைய மாணவர் சங்கங்களில் அதுவே மூத்தது. அவர்கள் அன்று கொடுத்த பணம் சொற்பம். வந்து நின்றதுதான் பெரிது. பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு அந்தக் கூட்டம் ஒரு ஜாமீன்போல் ஆயிற்று.

அதற்கு இரண்டாண்டு முன்னதாக டார்ட்மத் கலாசாலையை நியூ ஹாம்ப்ஷயர் அரசாங்கம் கைப்பற்ற முயன்றபோது, அங்கே 1801-இல் பட்டம் பெற்ற டேனியல் வெப்ஸ்டர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிக் கலாசாலையை மீட்டதும் இந்த வரிசையில் சேர்த்தற்குரியது. அந்த வழக்கின் சட்ட நுணுக்கங்கள் இங்கே வேண்டா.

வில்லியம்ஸ் கலாசாலைக்கும் தமிழர்க்கும் உள்ள சம்பந்தம் பலர் அறியாதது. 1806-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர் ஐவர், திறந்த வெளியில் ஜெபம் செய்யக் கூடியபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு வைக்கோற்போரின் ஒதுக்கில் பதுங்கி, கீழ்த்திசை நாடுகளில் மத ஊழியம் செய்யத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தின் விளைவாக 1810-இல் பிறந்ததே அமெரிக்க மிஷன். அதன் ஊழியர்கள் 1816-இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். அவர்களில் ரிச்சர்ட்ஸ் வில்லியம்ஸிலும், மெய்க்ஸ் யேலிலும், டேனியல் பூவர் டார்ட்மத்திலும் படித்தவர்கள். 1823-இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, வான சாஸ்திரமும் கணிதமும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பித்த உயர்கலாசாலையாக வளர்ந்தது. அங்கே ஒரு பிள்ளையின் உண்டியுடைச் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கர், தம் பெயரையோ தமக்கு வேண்டியவர் பெயரையோ அந்தப் பிள்ளைக்கு இடலாம் என்று ஒரு முறை இருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என்றெல்லாம் அக்காலத்து யாழ்ப்பாணப் பெயர்கள் விளங்குவது இவ்வாறே. கொடுத்தவன் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பது ஒரு ரகம். ஆளுக்கே வைப்பது வேறொரு ரகம். இரண்டாவதை இன்று எவரும் பாராட்டமாட்டார்கள்.

1855-இல் மிஷனின் அமெரிக்கத் தலைமை, ஆங்கிலக் கல்வி மதப்பிரசாரத்துக்குப் பயன்படவில்லை என்று தீர்மானித்துச் செமினரியை மூடிற்று. ஆனால் அதில் படித்தவர்கள் அதற்குள் உத்தியோகத்திலும் ஆசிரியத் தொழிலிலும் வேரூன்றியிருந்தார்கள். சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பரீட்சையில் 1857-இல் தேறியவர்களான கரோல் விசுவநாதபிள்ளையும், பிற்காலத்தில் கலித்தொகையையும் தொல்காப்பியத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. தாம் படித்த இடம் பாழ்பட்டுக் கிடப்பதைச் சகியாத அந்தப் பழைய மாணவர்கள், மூடியவர்களோடு வாதாடி, அவர்களுள் இசைந்தவர்களைத் துணையாகக் கொண்டு, உயர்கல்விக்கு மறுபடியும் ஒரு ஸ்தாபனம் வேண்டுமென்று 1860-களின் பிற்பகுதியில் முயற்சி தொடங்கினார்கள். அதன் பயனாக 1872-இல் அதே வட்டுக்கோட்டையில், ஹேஸ்டிங்ஸ் பாதிரியாரை முதல் அதிபராகக் கொண்டு, யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. வில்லியம்ஸின் பழைய மாணவர்கள் மூடப்படவிருந்த கதவைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், யாழ்ப்பாணத்தார் மூடிய கதவையே திறந்தார்கள். பழைய மாணவர் அபிமானத்தின் சரித்திரத்தை எழுதுகிற அமெரிக்கர்கள் இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுவதில்லை, குறிப்பிட வேண்டும்.

பெண்கள் கல்வியில் இந்தச் சம்பிரதாயம் வேறொரு நிறம் பெற்றது. மேரி லயன் என்ற ஆசிரியை, ஒரு பச்சை வெல்வெட் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்று, ஆறு சென்ட் கொடுத்தவர்களையும் விடாமல் கணக்கில் எழுதி, 1837-இல் மவுண்ட் ஹோலியோக் பள்ளியைத் திறந்தார். அங்கே 1900 முதல் ஓர் ஊர்வலம் நடந்துவருகிறது. பட்டமளிப்புக்கு முந்தைய நாள், விடைபெறும் மாணவிகள் வெள்ளை உடுத்து, மலை லாரல் தழையால் பின்னிய நீண்ட மாலையைத் தோள்களில் தாங்கி வர, முந்தைய ஆண்டுகளில் படித்த மாதர்கள், நரைத்தவர்களும் நடக்க முடியாதவர்களும் உட்பட, அவர்களும் வெள்ளை உடுத்தே, அந்த ஊர்வலத்தில் உடன் வருகிறார்கள். மேரி லயனின் சமாதியைச் சுற்றியுள்ள இரும்பு வேலியில் அந்த மாலை சாத்தப்படுகிறது. ரூபாய் அணா சம்பந்தமில்லாத காணிக்கை இது; ஆனால் இந்த ஊர்வலத்தில் நடந்தவள் பிற்காலத்தில் கலாசாலையின் கடிதத்தைப் பிரிக்காமல் குப்பையில் போடமாட்டாள் என்பது நிர்வாகிகளுக்கு நன்றாகத் தெரியும்.

படித்து முடிக்கும்வரை காத்திருக்க வழியில்லாதவர்களும் இருந்தார்கள். உள்நாட்டு யுத்தம் முடிந்த மறுவருஷம், 1866-இல், நாஷ்வில் நகரத்தில் இராணுவம் கைவிட்ட மரக்கொட்டகைகளில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காகத் திறக்கப்பட்ட ஃபிஸ்க் பள்ளி, ஐந்து ஆண்டில் கடனில் மூழ்கிற்று. பொக்கிஷதாரராகவும் பாட்டு வாத்தியாராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட், 1871 அக்டோபர் 6-ஆம் தேதி, ஒன்பது மாணவ மாணவியரைக் கூட்டிக்கொண்டு, பாடிப் பணம் சேர்க்கப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். குளிருக்குச் சரியான உடுப்பில்லை. கறுப்பர் என்பதால் தங்க விடுதி கொடுப்பாரில்லை. புறப்பட்ட இரண்டாம் நாள் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்த செய்தி கேட்டு, ஆரம்பக் கச்சேரி ஒன்றில் கிடைத்த ஐம்பது டாலர் அளவான வசூலை, தம் பள்ளியின் கடனையும் தம் பசியையும் ஒதுக்கிவைத்து, தீயினால் வீடிழந்தவர்களுக்கு அப்படியே கொடுத்தார்கள். பின்னர் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் பாடினார்கள். அவர்கள் தொண்டையால் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876-இல் திறக்கப்பட்டது. அக்டோபர் 6 இன்றும் ஃபிஸ்கில் ஒரு திருநாள். பல பெரிய கலாசாலைகளின் கோடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஐம்பது டாலரை முதலில் எழுதினால் நன்றாயிருக்கும்.

இனி, விடைபெறும் வகுப்பார் தம் பெயரால் ஒரு பொருளை நிறுவிவிட்டுப் போகும் வழக்கத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது பரவியது. தொடக்கத்தில் வெகு எளிமை: பட்டமளிப்புக்கு முன் சுவரோரம் ஒரு ஐவிக்கொடியை நட்டு, வகுப்பின் ஆண்டைச் செதுக்கிய ஒரு கல்லைப் பதிப்பார்கள். பிரின்ஸ்டன் கலாசாலையின் பழமையான நாஸா மண்டபத்துச் சுவரில் இத்தகைய கற்கள் வரிசையாக உள்ளன. அந்த மண்டபத்தின் படிக்கட்டில் 1879-ஆம் ஆண்டு வகுப்பார் இரண்டு சிங்கங்களை வைத்தார்கள். சுதந்திர தேவியின் சிலையைச் செய்த பார்த்தோல்டியின் கைவண்ணம். காலப்போக்கில் பிரின்ஸ்டனின் சின்னம் புலியென்று ஆகிவிடவே, வாசலில் சிங்கம் இருப்பது பொருந்தவில்லை. அதே 1879 வகுப்பார், தலை நரைத்தபின், 1911-இல் மறுபடியும் பணம் போட்டு, சிங்கங்களை அகற்றி வெண்கலப் புலிகளை நிறுத்தினார்கள். இடையில், இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்காக, ஒரு கட்டடமும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இந்த வகுப்பில் ஒருவர் உட்ரோ வில்ஸன். பிரின்ஸ்டனுக்கே தலைவராயிருந்து, பிறகு நாட்டுக்குத் தலைவரானவர்.

வகுப்பின் பெயரால் கல்லும் வாயிலும் சிலையும் பெருகிய காலம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹார்வர்டில் 1869 முதல் நாற்பது ஆண்டு தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற பழைய ஏற்பாட்டை உடைத்து, அவரவர் விரும்பிய பாடத்தைப் படிக்கலாம் என்ற முறையைப் புகுத்தினார். மற்ற கலாசாலைகளும் பின்பற்றின. மாணவர் தொகையும் பன்மடங்காயிற்று. ஒரே ஆண்டில் பட்டம் பெறுகிறவர்கள் ஒருவரையொருவர் முகமறியாதவர்களாய் ஆனார்கள். அந்தச் சமயத்தில்தான் ஹார்வர்ட் முற்றத்தைச் சுற்றி இந்த வகுப்பின் வாயில், அந்த வகுப்பின் வாயில் என்று இரும்புக் கதவுகள் எழுந்தன. பிரின்ஸ்டனில் வகுப்புக்கு ஒரு சட்டை வந்தது, 1912 வகுப்பார் பீர் நுரை படாமலிருக்க மேலே மாட்டிக்கொண்ட முரட்டுத் துணியில் தொடங்கி. இயல்பாக இருந்த உறவு தளர்ந்தபொழுது அதைக் கையால் கட்டி நிறுத்த வேண்டியிருந்தது என்றே நான் கொள்கிறேன். விழாவும் சட்டையும் காணிக்கையும் பழமையின் எச்சங்களல்ல. பழமை போய்விட்டதால் வந்தவை.

இல்லினாய் சர்வகலாசாலையின் கலாசாலைத் தாய்ச் சிலை இதற்குச் சிறந்த உதாரணம். அரசாங்க நிலக்கொடையால் ஏற்பட்ட, உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படித்த இடம் அது. பழம்பெருமை ஒன்றும் அதற்கில்லை. அங்கே 1879-இல் பட்டம் பெற்றுச் சிற்பியான லொராடோ டாஃப்ட், தம்மை வளர்த்த இடத்துக்குத் தம் தொழிலாலேயே ஏதாவது செய்ய விரும்பி, உழைப்புக்குக் கூலி வேண்டாம், செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்றார். செலவை ஒரு வகுப்பால் தாங்க முடியவில்லை. 1923 முதல் 1929 வரை விடைபெற்ற ஏழு வகுப்புகள், ஆண்டுக்கு ஆண்டு தம் காணிக்கையை ஒரே உண்டியில் போட்டுவர, பழைய மாணவர் நிதியும் சேர்ந்துகொள்ள, 1929 ஜூன் 11-ஆம் தேதி, டாஃப்ட் பட்டம் பெற்ற ஐம்பதாம் நிறைவில், திரை விலக்கப்பட்டது. ஆசனத்திலிருந்து எழுந்து இரு கைகளையும் விரித்து நிற்கும் ஒரு பெண். அவளுக்குப் பின்னால், தோல் மேலாடை அணிந்த உழைப்பும் நீண்ட அங்கி அணிந்த கல்வியும் கைகோத்து நிற்கின்றன. முதல் காணிக்கை செலுத்திய 1923-ஆம் ஆண்டு மாணவர்கள் அந்தச் சிலையை மாணவர்களாக இருந்து காணவே இல்லை. இப்பொழுது பட்டம் வாங்குகிறவர்கள் கறுப்பு அங்கியோடு அவள் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்புவதில்லை. 2012 முதல் 2014 வரை சிலையைச் செப்பனிட எடுத்துச் சென்றிருந்த நாட்களில் விடைபெற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு பெருங்குறை. பென் ஸ்டேட் கலாசாலையில் 1940 வகுப்பாரின் காணிக்கையாகப் பதின்மூன்று டன் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய மலைச்சிங்கத்துக்கும் இதே மரியாதை.

கல்லும் வெண்கலமும் பணமாக மாறியது தனிக்கதை. அதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1890-இல் யேலின் பழைய மாணவர்கள், பெரிய தனவந்தர் ஒருவரை எதிர்பார்ப்பதைவிட எல்லோரும் ஆண்டுதோறும் தம்மால் இயன்றதை அனுப்புவது மேல் என்று ஒரு நிதியைத் தொடங்கினார்கள். முதலாண்டில் நானூறு பேர்கூட அனுப்பவில்லை. ஆயினும் வகுப்புக்கு ஒரு பிரதிநிதி, அவர் கையில் பழைய காரியதரிசியின் பெயர்ப்பட்டியல், எந்த வகுப்பு எவ்வளவு கொடுத்தது என்ற அச்சிட்ட கணக்கு என்ற மூன்றும் சேர்ந்ததும் வண்டி ஓடத் தொடங்கிற்று. அந்த அச்சிட்ட கணக்குத்தான் சூட்சுமம். கலாசாலைக்குக் கொடாதவன்கூட, பக்கத்து வகுப்பு முந்திவிடக் கூடாதே என்று கொடுத்தான். ஹார்வர்டில் 1880 வகுப்பார், இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவாகிய 1905-இல், ஒரு லட்சம் டாலரை மொத்தமாகக் கொடுத்தார்கள். அந்த வகுப்பினரான தியோடர் ரூஸ்வெல்ட் அப்பொழுது நாட்டின் ஜனாதிபதி. அவரும் பழைய தோழர்களோடு வந்து கலந்துகொண்டார். அதன்பின் இருபத்தைந்து ஆண்டு நிறைவுறும் எந்த வகுப்புக்கும் அந்தத் தொகையிலிருந்து கீழே இறங்க மனம் வரவில்லை.

இருபத்தைந்தாம் ஆண்டில் கொடுக்கப்போகிறவனை முதல் ஆண்டிலேயே பழக்கிவிட வேண்டும் என்ற யுக்தி பின்னால் வந்தது. இன்றைய விடைபெறும் மாணவர் காணிக்கை பெரும்பாலும் இந்த யுக்தியின் பிள்ளை. தொகை முக்கியமன்று, 2019 வகுப்பு என்றால் இருபது டாலர் பத்தொன்பது சென்ட் போதும் என்று கேட்கும் கலாசாலைகள் பல. நூற்றுக்கு எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதே கணக்கு. கலாசாலைகளைத் தரவரிசைப்படுத்தும் ஒரு பிரபல பத்திரிகை, பழைய மாணவர் கொடைவிகிதத்தையும் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொண்டிருந்தது அந்த ஆவலுக்கு எண்ணெய் வார்த்தது. ஒரு வகுப்பு முழுமையும் கொடுத்தால், ஐம்பதாண்டு மூத்த வகுப்பு ஈடாக ஒரு தொகை தரும் என்ற ஏற்பாடுகளும் உண்டு. இளையவரையும் முதியவரையும் பிணைக்க இது நல்ல வழிதான். ஆனால் டார்ட்மத்தில் 2010-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகுப்பில் ஒரே ஒரு மாணவி கொடுக்க மறுத்தபோது, அவள் பெயர் அச்சேறி, சக மாணவர்களின் ஏச்சுக்கு இலக்கானாள். தன்னிச்சையாக அளிப்பது என்று சொல்லப்பட்ட காணிக்கை எந்த இடத்தில் வரியாக மாறுகிறது என்பதை அந்த நிகழ்ச்சி எல்லோர்க்கும் காட்டிற்று. அந்தப் பெண்ணிடத்தில் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், பணக்கணக்கு எட்டாத ஒரு காட்சியைப் பிரின்ஸ்டனில் காணலாம். பட்டமளிப்புக்கு முந்தைய வார இறுதியில் பழைய மாணவர்களெல்லாம் வகுப்பு வகுப்பாக, ஆரஞ்சும் கறுப்பும் கலந்த விசித்திர உடைகளில், வாத்தியத்தோடு அணிவகுத்துச் செல்கிறார்கள். முன்னால் இருபத்தைந்தாம் நிறைவு வகுப்பு. அடுத்து மிக மூத்தவர்கள், சிலர் சிறு வண்டிகளில். வந்தவர்களுள் மூத்த வகுப்பைச் சேர்ந்த முதியவர் கையில் 1923 வகுப்பார் கொடுத்த வெள்ளிப்பூண் கைத்தடி. பிறகு இறங்கு வரிசையில் ஒவ்வொரு வகுப்பாக. பாதையோரத்தில் காத்திருக்கும் இளையவர்கள் கடந்துபோகும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆரவாரம் செய்து, தம் முறை வந்ததும் பின்னால் சேர்ந்துகொள்கிறார்கள். கடைசியாக விடைபெறும் வகுப்பு மைதானத்துக்குள் ஓடி வருகிறது. கலாசாலைத் தலைவர் அவர்களைப் பழைய மாணவர்களாக ஏற்றுக்கொள்கிறார். மணிக்கணக்கில் நின்று எழுபது ஆண்டு வரலாறு கால்நடையாகப் போவதைப் பார்த்த பிறகு வரிசையின் கடைசியில் தான் சேர்வதென்றால், வகுப்பு என்ற சொல்லுக்கு ஓர் இளைஞன் மனத்தில் எடை ஏறாமல் போகாது.

அண்மைக் காலத்தில் விடைபெறுகிறவர்கள் வேறொன்றையும் கற்றிருக்கிறார்கள். 2005-இல் ஹார்வர்டில் கடைசி ஆண்டு மாணவர் சிலர், ஸூடான் நாட்டுக் கொடுமைகளோடு தொடர்புள்ள கம்பெனிகளில் சர்வகலாசாலையின் மூலதனம் இருக்கக் கூடாதென்று கிளர்ச்சி செய்து, வழக்கமான காணிக்கைக்குப் போட்டியாக வேறொரு நிதியைத் திறந்தார்கள். நிர்வாகம் அந்தப் பங்குகளை விற்கும்வரை பணம் கைமாறாது என்பது நிபந்தனை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஹார்வர்ட் பெட்ரோசைனா என்ற கம்பெனியின் பங்குகளை விற்பதாக அறிவித்தது. தரவரிசைப் பத்திரிகையும் 2023-இல் கொடைவிகிதத்தைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. காணிக்கைக் குழுக்கள் கலையவில்லை. ஆனால் பல இடங்களில் அவை இப்போது கல்லும் கடிகாரமும் வாங்குவதில்லை, வீட்டில் திடீரென்று கஷ்டம் வந்து படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள இளைய மாணவருக்கான நிதியில் பணத்தைச் சேர்க்கின்றன.